கோமளவல்லியும் எட்டுக் காலாட்களும்

கோமளவல்லிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது என்பது பிள்ளையார்பாளையத்தில் அவள் பிறந்த தெருவுக்கே தெரிந்த சங்கதி. அப்பா காலையில் தறிக்குழியில் இறங்கினால் உச்சிவெயில் வரைக்கும் ஏற மாட்டார். அம்மா பட்டு நூலைச் சிக்கெடுக்க உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அசைய மாட்டாள். இவளைத் தார்க் குச்சியில் நூல் சுற்றச் சொன்னால் மட்டும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலுக்குப் போய் நிற்பாள். வாசலில் நின்றால் தெருமுனை வரை போக வேண்டும். போனால், திரும்பி வர வேண்டும். "இவ காலுல எறும்பு பூந்துக்கினு கீது" என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் நர்ஸ் படிப்பில் சேர்த்தார்கள். மூன்று மாதத்தில் விட்டாள். கம்ப்யூட்டர் கிளாஸ் ஒரு மாதம். பிறகு ஒரு துணி கம்பெனியில் காலர் தைக்கும் வேலை. அங்கே ஒரு வருடம் நின்றாள் என்றால் அதற்குக் காரணம் காலர் இல்லை. கம்பெனி வேனை ஓட்டிய கதிர்வேல். பெருநகரில் நெல் பயிரிடும் குடும்பத்துப் பையன். அதிகம் பேச மாட்டான். இருபத்தோரு வயதில் அவனோடு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அப்பா இரண்டு வருடம் முகம் கொடுக்கவில்லை. பேத்தி தமிழ்ச்செல்வி பிறந்த பிறகு ஒரு நாள் பட்டுப்பாவாடைத் துணியோடு பெருநகர் பஸ்சில் வந்து இறங்கினார். அந்தப் பேத்தி இப்போது செங்கல்பட்டில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு, அம்மா மூன்று மாதத்தில் விட்ட அதே படிப்பைப் படிக்கிறாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் கோமளா மாறவில்லை. மாடு வளர்த்தாள், விற்றாள். தையல் மெஷின் வாங்கினாள், நாத்தனாருக்குக் கொடுத்தாள். மகளிர் குழுவுக்கு ஆறு மாதம் தலைவியாக இருந்தாள். முப்பதாவது வயதில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பல் லேபில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் தாடை அச்சுகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் வேலை. இதுவும் மூன்று மாதம் என்று கதிர்வேல் மனசுக்குள் கணக்குப் போட்டான். பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

அவளை அங்கே நிறுத்தியது அந்தப் பொடி. பல்லுக்கு மேல் மாட்டும் கேப்புக்கான பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, முனையில் நாலே மயிர் இருப்பது போன்ற பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுப் பூசி, சூளையில் வைத்துச் சுட்டு எடுக்க வேண்டும். ஈறுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் இருக்கும். நுனியில் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பக்கத்துப் பல்லோடு சேர வேண்டும். ஒருவருடைய பல் இன்னொருவருக்கு ஆகாது. அரை மணிக்கு ஒரு புது ஆள் கைக்கு வருவதால் அவளுக்கு எழுந்து ஓடத் தோன்றவில்லை. லேப் முதலாளி சுகுமார் அவளைவிட எட்டு வயது சின்னவன். அவனே இப்போது சிக்கலான முன்பல் வந்தால் "அக்கா பாத்துக்கட்டும்" என்று நகர்த்தி வைத்துவிடுவான்.

நாலு வருடத்துக்கு முன்னால் சுகுமார் ஒரு பிரிண்டர் வாங்கினான். பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக உறைய வைத்துத் தாடை அச்சையே அப்படியே எழுப்பிக் கொடுக்கும் மெஷின். எவ்வளவு நுணுக்கமாக வரும் என்று சோதிக்க, நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு பொம்மையை எடுத்தான். ஒரு ஜப்பான் போர்வீரன். சாமுராய். தட்டிலிருந்து எடுத்துக் கழுவிப் பார்த்தால் ஆள்காட்டி விரல் உயரத்தில், சாம்பல் நிறத்தில், கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு நின்றான்.

சுகுமார் "மெஷின் ஓகே" என்று சொல்லிவிட்டு அதைச் சூளை மேல் வைத்துவிட்டான். கோமளாவின் கண் அதன் தோளில் மாட்டிக்கொண்டது. தோளில் தொங்கிய கவசம் ஒரே தகடு இல்லை. சின்னச் சின்னச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, கயிற்றைக் கோத்து, வரிசைக்கு வரிசை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தாள். கயிறு எங்கே மேலே வருகிறது, எங்கே உள்ளே போகிறது என்று விரலால் காற்றில் போட்டுப் பார்த்தாள். பாவும் ஊடையுமாக வளர்ந்த வீட்டுப் பெண்ணுக்கு அது இரும்பாகத் தெரியவில்லை. நெசவாகத் தெரிந்தது. பிறகு ஃபோனில் தேடிப் பார்த்தாள். அந்தக் கயிறு பட்டுதான்.

அன்றைக்கு அந்தப் பொம்மை டிபன் பாக்ஸுக்குள் உட்கார்ந்து பெருநகர் போனது.

பல்லுக்குப் பூசும் சாயம் அதில் நிற்கவில்லை. காஞ்சிபுரத்தில் கலர் வாங்கி வந்து பூசினாள். கவசத்துக்குத் தங்கம், கயிற்றுக்குச் சிவப்பு, பச்சை, கொஞ்சம் ஊதா. படம் எடுத்து, இந்தப் பொம்மைகளுக்குக் கலர் அடிப்பவர்கள் ஃபோனில் கூடும் ஒரு குழுவில் போட்டாள். நிறையப் பேர் கை தட்டினார்கள். ஒரு வெளிநாட்டுக்காரர் மட்டும் நாலு வரி எழுதியிருந்தார். ஃபோன் அதைத் தமிழில் கொடுத்தது. வேலை சுத்தம், ஆனால் இந்தத் தலைக்கவசத்தின் காலம் வேறு, தோள்கவசத்தின் காலம் வேறு, நடுவில் முந்நூறு வருடம் இருக்கிறது, இந்த மனிதன் கொள்ளுத்தாத்தாவின் சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பியிருக்கிறான் என்று இருந்தது.

கோமளா சிரித்தாள். சிரித்து முடித்ததும் எந்தக் கவசம் எந்தக் காலம் என்று தேட ஆரம்பித்தாள். அது இன்றுவரை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் படித்ததை எல்லாம் ஒழுங்காக வகுப்பில் படித்திருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பாள் என்று கதிர்வேல் சொல்வான். உலகத்தில் எந்தெந்த மியூசியத்தில் எந்தக் கவசம் இருக்கிறது, எந்தக் கயிற்றுக்கு எந்தச் சாயம், அவுரியில் தோய்த்த நீலம் நானூறு வருடத்தில் எப்படி வெளுக்கும், இதெல்லாம் அவள் ஃபோனில் சேர்ந்தது. ஜப்பானில் இரும்பின் மேல் ஒரு மரத்துப் பாலைப் பூசிப் பூசி மெருகேற்றுவார்கள். கறுப்பு என்று பெயர்தானே தவிர, விளிம்பில் அது செம்பழுப்பாகத் தெரியும். அந்த நிறத்தைக் கலக்கத்தான் மற்றவர்கள் திணறினார்கள். கோமளா திணறவில்லை. அவள் வீட்டில் அதற்குப் பெயர் அரக்கு. நூற்றுக்கணக்கான அரக்குச் சேலைகள் நெய்யப்பட்ட வீடு. கறுப்பில் எவ்வளவு சிவப்பைத் தொட்டால் அரக்கு உள்ளே இருந்து எரியும் என்பது அவள் கைக்கே தெரியும்.

கயிறு கட்டுவதில் இரண்டு வகை இருப்பதையும் தெரிந்துகொண்டாள். ஒன்று, தகடே தெரியாதபடி கயிற்றை நெருக்கிக் கட்டுவது. இன்னொன்று, இடைவெளி விட்டு இரண்டு இரண்டு கயிறாகக் கட்டுவது. ஜப்பானியப் பெயர் இரண்டும் அவள் வாயில் நுழையவில்லை. நெருக்கக் கட்டு, அகலக் கட்டு என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள். நெருக்கக் கட்டு மழையில் நனைந்தால் கனக்கும், காய நாளாகும், பேன் அடையும் என்று அந்த ஊர்க்காரர் ஒருவரே எழுதி வைத்திருந்ததைப் படித்தபோது, நனைந்த பட்டு என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தவளாகத் தலையாட்டினாள்.

போன வருடம் அந்தக் குழுவில் அவள் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருந்து வரதன் என்பவர் கூப்பிட்டார். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் காஞ்சிபுரம் பக்கம்தான். ஒரு தலைவன், எட்டுக் காலாட்கள், கி.பி. ஆயிரத்து அறுநூறு வாக்கில், ஒரே படை. எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்றார்.

"சரியான்னா எந்த அளவுக்கு சார்?"

"அந்தக் காலத்து ஆள் ஒருத்தன் வந்து பார்த்தா, நம்ம பசங்கன்னு சொல்லணும்."

இந்த ஒரு சொல்லுக்காகவே அவள் எட்டு மாதம் உழைத்தாள். லேபில் பிரிண்ட் எடுத்துக்கொள்ள சுகுமார் சம்மதித்தான். ஞாயிற்றுக்கிழமைகளிலும், பஸ் வருவதற்கு முன்னால் கிடைத்த காலை நேரங்களிலும் வேலை நடந்தது. எட்டுக் காலாட்களுக்கும் இடுப்புக்குக் கீழே தொங்கும் தகடுகளில் நெருக்கக் கட்டு. வாங்கிய டிசைனிலேயே அப்படித்தான் செதுக்கியிருந்தது. ஒருவனுக்கு நீலம், ஒருவனுக்குச் சிவப்பு, ஒருவனுக்கு வெள்ளை என்று ஒவ்வொரு கயிறாகத் தொட்டு வரைந்தாள். பல் வைக்கும் டப்பாக்களில் பஞ்சு போட்டுப் பத்திரமாக அனுப்பினாள். வரதன் போன் செய்து, ஒன்பது பேரையும் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதாகச் சொன்னார்.

சரியாக மூன்று வாரம் கழித்து ஆல்வின் படம் அனுப்பினான்.

ஆல்வின் பெரம்பூர்க்காரன். அதே குழுவில் பழக்கம். பொம்மை டாங்கிகளுக்குக் கலர் அடிப்பவன். கம்பெனி டிரெய்னிங்குக்காக ஜப்பான் போனவன், லீவு நாளில் ஒரு மியூசியத்துக்குள் நுழைந்து, அக்காவுக்கு உதவும் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நாற்பது படம் எடுத்திருந்தான். அதில் ஆறு படம் காலாட்களுக்குப் படைவீட்டில் இருந்து கடனாகக் கொடுத்து வாங்கும் கவசம். கோமளா மதியச் சாப்பாட்டு நேரத்தில், லேப் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தாள்.

வெறும் கறுப்புத் தகடு. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு இரண்டு கயிறு. அவ்வளவுதான். பட்டு இழைத்த அலங்காரம் ஏதும் இல்லை. ஆயிரக்கணக்கில் அவசரமாகச் செய்து கொடுத்த கவசத்தில் எவன் உட்கார்ந்து நெருக்கக் கட்டு கட்டிக்கொண்டிருப்பான்? யோசித்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். வெறும் டிசைனை நம்பிவிட்டாள்.

பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கிப் பார்த்தாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. வீட்டில் நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. பாத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்து வேறு தட்டில் அடுக்கினாள். மறுநாள் பழையபடி அடுக்கினாள். கொல்லைக் கதவு வரை போய், எதற்கு வந்தோம் என்று நின்றாள். பெங்களூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டுப் பேர் தப்பான துணி உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள். பார்க்கிறவர்களிடம் வரதன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னா சாப்புட்ற நீ," என்றான் கதிர்வேல். "நாலு வாய் துன்றதுக்குள்ள மூணு வாட்டி எயுந்து போய்க்கினு கீற."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா ஒக்காரு."

உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். அவன் முழுசாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடி, "அவுருக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"கேட்டாரா?"

"கேக்கல."

"அப்ப இன்னாத்துக்கு பேஜார் புடிச்ச மேரி சுத்தற? பொம்மைதான அது."

"பல்லும்தான் பொம்மை. கலரு மாறிப் போனா மாட்டிக்குவியா நீ?"

கதிர்வேல் மோர் ஊற்றிக்கொண்டான்.

அவள் வாயில் வந்தது போலவே நடந்தது. மாகறலில் இருந்து உத்திரமேரூர் பள்ளிக்கு வரும் ஒரு டீச்சருக்கு மேல்வரிசை முன்பல்லில் கேப். அந்த வாரம் கோமளா செய்து கொடுத்தாள். டாக்டர் மாட்டிப் பார்த்து அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். சுகுமார் அதை வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் கலர் பார்க்கும் மாதிரிப் பல்லையும் வைத்தான்.

"அக்கா, நீயே பாரு."

பார்த்தாள். இரண்டு படி மஞ்சள் கூடியிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவளுக்கு இப்படி ஆனதில்லை. புதுப் பல் வரும் வரை அந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்த வேண்டும்.

"உனுக்கு ஒடம்பு எதுனா சரியில்லயா?"

"மனசுதான் சுகுமாரு. கை இங்க கீது, மனசு பெங்களூருல கீது."

ஆல்வின் படத்தில் இருந்து ஆரம்பித்து அவனிடமும் சொன்னாள். சுகுமார் சிரிக்கவில்லை. சூளையை அணைத்துவிட்டு, "இத நீ ஒயுங்கா செஞ்சி குடுத்துட்டு, நாளான்னிக்கு லீவு எட்துக்கோ. போயி அந்தாளப் பாத்துப் பேசிட்டு வா. இல்லன்னா எனக்கு இங்க ஊர்ப் பல்லெல்லாம் மஞ்சளாயிடும்," என்றான்.

அவள் அன்று மாலைக்குள் டீச்சரின் பல்லை முதலில் இருந்து செய்தாள். டாக்டர் கிளினிக்குக்கே போய் நின்று, அந்த அம்மாள் வாயில் அது சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

பெங்களூருக்குக் காஞ்சிபுரத்தில் இருந்து காலை முதல் பஸ். கதிர்வேல் வேனிலேயே கொண்டுவந்து விட்டான். பையில் சின்னச் சுழல் மெஷின், அதில் மாட்டி உரசி எடுக்கும் ஊசிமுனைப் பர்கள், மெழுகுக் கத்தி, பிரஷ், நாலு கலர் புட்டி, தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி. வரதனிடம், ஒரு கல்யாணத்துக்கு பெங்களூர் வருகிறேன், வழியில் எட்டிப் பார்க்கலாமா என்று பொய் சொல்லியிருந்தாள். எட்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், மூன்று மாதத்தில் திருத்தி அனுப்பிவிட வேண்டும். வேலூர் தாண்டும் வரை இதை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கிருஷ்ணகிரியில் பஸ் நின்றபோது எல்லோரும் நாஷ்டா சாப்பிட்டார்கள். அவள் பஸ்சைச் சுற்றி ஐந்து தடவை நடந்தாள்.

வரதன் வீடு ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. அவரே கதவைத் திறந்தார். ஒல்லியான, வெள்ளை மீசை வைத்த மனிதர். அவர் மனைவி தேவகி காபி கொண்டுவந்து வைத்தார். இருவரும் ஏதோ பரீட்சைக்கு உட்கார்ந்தவர்கள் போல் சோபா நுனியில் உட்கார்ந்தார்கள். கோமளாவுக்கு அது விசித்திரமாக இருந்தது. பயப்பட வேண்டியது நாமல்லவா என்று நினைத்தாள்.

"பாக்கலாமா சார்?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரதன் எழுந்து உள் அறை விளக்கைப் போட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது பேரும் நின்றார்கள். தலைவன் நடுவில். அவனுக்கு எல்லாம் சரி. மற்ற எட்டுப் பேரையும் பார்த்ததும் அவளுக்கு முகம் சூடாயிற்று. அவள் அனுப்பியபோது இருந்ததைவிடப் பளபளப்பாக, திருவிழாவுக்குக் கிளம்பியவர்கள் போல. வாயைத் திறக்கப் போனாள். அப்போதுதான் இடது கோடியில் நின்றவன் கண்ணில் பட்டான். அவன் ஈட்டி கோணியிருந்தது. இடுப்புத் தகட்டில் வெள்ளையாக ஏதோ ஆவி படிந்தது போல் இருந்தது.

"நான்தாம்மா," என்றார் தேவகி. "தூசி தட்டறேன்னு எடுத்தேன். கை தவறிடுச்சு."

"நான் ஒட்டினேன்," என்றார் வரதன். "அந்த ஒட்டினதும் பிடிச்சுக்கற பசை இருக்கே, அதுல. இப்படி வெள்ளை பூத்துடுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வாரமா முழிச்சிட்டிருக்கோம். நீங்க வரேன்னதும் இவ ராகி உருண்டைகூடச் சாப்பிடலை."

கோமளாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே தைரியமும் வந்தது. தரையிலேயே உட்கார்ந்து, ஃபோனை எடுத்து, ஆல்வின் அனுப்பிய ஆறு படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கல்யாணம் என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"எட்டும் தப்பு சார். நீங்க சரியா வோணும்னு கேட்டீங்க. நான் தப்பா பண்ணிட்டேன். குடுத்தீங்கன்னா எட்த்துக்கினு போயி, மூணு மாசத்துல மாத்திக் குடுத்துடறேன்."

வரதன் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டு, "வேண்டாம்" என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"காலைல எழுந்ததும் நான் முதல்ல இவங்களைத்தான் பார்க்கறேன். அந்த நீலம், இந்த வெள்ளை, எல்லாம் எனக்குப் பழகிடுச்சு. சரியா இருக்கறது ஒண்ணு, புடிச்சுப் போறது ஒண்ணு. நீங்க கொடுத்துட்டீங்க. இப்ப இது என் வீட்டுப் பொருள்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் கோமளாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தாள். இந்த எட்டுப் பேருக்காக ஏழு மணி நேரம் பஸ்சில் வந்திருக்கிறாள். இவர்களில் ஒருவரையும் தொட உரிமை இல்லை.

"அந்த ஒடஞ்சவனையாவது குடுங்க சார்," என்றாள். "பசையை எடுக்கணும். எப்படியும் கலரு போய்டும்."

வரதன் தேவகியைப் பார்த்தார். தேவகி ஏற்கெனவே சாப்பாட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

மேஜையில் துண்டை விரித்து, சுழல் மெஷினைச் சொருகி, கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டாள். பசையைச் சுரண்டினாள். பிறகு, முன்பு வீட்டில் நாலு நாள் உட்கார்ந்து தொட்டுத் தொட்டு வரைந்த நீலக் கயிறுகளை ஒவ்வொரு வரிசையாக பர்ரால் உரசி எடுத்தாள். மேஜை முழுக்க நீலப் பொடி. தேவகி இருமினார், எழுந்து போகவில்லை. வரதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தகடு வழுவழுவென்று ஆனதும் ரப்பர் சக்கரத்தால் மெருகேற்றினாள். கறுப்பு பூசினாள். விளிம்பில் அரக்கைத் தொட்டாள். காயும் நேரத்தில் ஈட்டியை நேராக்கினாள். கடைசியாக மிக மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கோடு, இடைவெளி, இரண்டு கோடு. நீலம் அதே நீலம்தான். ஆனால் வெளுத்த நீலம்.

அந்த மூன்று மணி நேரமும் அவள் கால் ஆடவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. தேவகிதான் பிறகு சொன்னார், உள்ளே வந்ததில் இருந்து நடந்துகொண்டே இருந்த பெண் சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டாள் என்று.

நாலு மணிக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் நிறுத்தினாள். பளபளக்கும் ஏழு பேருக்குப் பக்கத்தில் அவன் ஏழையாகத் தெரிந்தான். வேலைக்குப் போகிறவன் வழி தெரியாமல் கல்யாண மண்டபத்தில் நுழைந்துவிட்டது போல. கோமளாவுக்கு மனசு தளர்ந்தது. அவர் சொன்னதுதான் சரியோ என்று ஒரு கணம் தோன்றியது.

வரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். குனிந்து, பெட்டியின் உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இவன்தான் சண்டைக்குப் போறான்," என்றார்.

"மத்தவங்க?" என்றார் தேவகி.

"மத்தவங்க ஃபோட்டோ எடுத்துக்க நிக்கறாங்க."

கோமளா உடனே, "அப்போ மத்தவங்களையும் குடுங்க சார்," என்றாள்.

"இல்லம்மா. கொஞ்ச நாள் இருக்கட்டும். இவன் இவங்களோட சேர்றானா இல்லையான்னு பார்க்கறேன். என்னை அவசரப்படுத்தாதீங்க."

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. தேவகி ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தார். பஸ்சில் ஓசூர் வருவதற்குள் அதைத் தின்று முடித்தாள். மூன்று வாரத்தில் அவள் உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

தவிப்பு அடங்கிவிட்டதா என்றால், இல்லை. இடம் மாறியது. முன்பு தான் செய்த தப்பு அவளைத் துரத்தியது. இப்போது இன்னொருவர் எப்போது முடிவு செய்வார் என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பல்லை முடித்துச் சூளையில் வைப்பாள், ஃபோனைப் பார்ப்பாள். கதிர்வேல், "நீயே ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்," என்றான். அவள் கேட்கவில்லை. அவசரப்படுத்தாதே என்று சொல்லியிருக்கிறார்.

பதினோராம் நாள் வரதனே கூப்பிட்டார். சிவப்புக் கயிற்றுக்காரனை அனுப்பி வைக்கிறேன் என்றார். "இவன் பக்கத்துல அவன் நிக்கறது எனக்கே கூச்சமா இருக்கு." அது திரும்பிப் போன ஒரு மாதத்தில் இன்னும் இரண்டு பேர் கூரியரில் வந்தார்கள். தேவகியும் அவரும் யாரை அனுப்புவது என்று தினமும் வாக்குவாதம் செய்வதாகவும், தேவகிக்குப் பச்சையை விட மனமில்லை என்றும் சொன்னார். ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பச்சையும் வந்துவிட்டது. பெருநகரில் அப்போது நடவு. கதிர்வேல் வயலில் இருந்து சேற்றுக்காலோடு வந்து, வாசலில் நின்றபடியே பார்சலை நீட்டினான்.

"உன் ஆளு ஒருத்தன் வந்துகீறான்."

அதைத் திருத்தி அனுப்பும்போது மிச்சம் மூன்று பேரையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பிவிடும்படி ஒரு சீட்டு எழுதி வைத்தாள். பதில் வாட்ஸாப்பில் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. படமும் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தலைவன், அவனுக்கு முன்னால் அகலக் கட்டில் ஐந்து பேர், பின்வரிசையில் வெள்ளையும் ஊதாவும் மஞ்சளுமாக மூன்று பேர். கீழே வரதன் எழுதியிருந்தார்: "இந்த மூணு பேரும் இப்படியே இருக்கட்டும் அம்மா. நீங்க தெரியாம பண்ணினப்போ எவ்வளவு சந்தோஷமா பண்ணியிருக்கீங்கன்னு இதுல தெரியுது. இதை மாத்த வேண்டாம். தேவகியும் இதையே சொல்றா."

கோமளா அதை இரண்டு தடவை படித்தாள். எழுந்து வயல் வரப்பு வரை போனாள். திரும்பி வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளைக் கயிறு கட்டியவனின் இடுப்பில் அவள் போட்ட கடைசி வரிசை லேசாகச் சாய்ந்திருந்தது. அதை வரைந்தது தமிழ்ச்செல்வி ஹாஸ்டலில் இருந்து வந்த நாள் என்பது ஞாபகம் வந்தது. மறுபடி வரப்புக்குப் போனாள். கதிர்வேல் மடையில் மண்வெட்டியோடு நின்று அவள் போவதையும் வருவதையும் பார்த்தான்.

மதியம் குழம்பு வைத்தாள். துணி துவைத்தாள். பதில் பெட்டியில் நீளமாக எழுதி அழித்தாள். காலாட்களுக்குக் கயிறு எதற்கு அகலமாக இருக்க வேண்டும் என்று எழுதினாள், அதையும் அழித்தாள். இரண்டே சொல்தான் மிச்சமாக நின்றது. "சரி சார்" என்று அதை அனுப்ப அவளுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.